இருபத்து நாலா, நாற்பத்தெட்டா?

இன்றைக்கு எப்படியும் முடிவெடுத்தே தீருவது என்று கணக்கர் முடிவெடுத்தார். போன வாரமும் இதே முடிவைத்தான் எடுத்திருந்தார்.

அலுவலகத்தில் ஊரார் கணக்கையெல்லாம் ஒரு மூச்சில் முடிக்கிற மனிதர். வீட்டில் ஒரே ஒரு எண்ணைத் தேர்ந்தெடுக்க முடியாமல் கிடந்து தவித்தார். எண் என்றால் வோல்டேஜ். இரண்டாவது அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு சிஎன்சி இயந்திரம் கட்டியிருந்தார். கணினி சொன்னபடி மரப்பலகையில் செதுக்குமாம். மோட்டார்கள் தயார், சட்டம் தயார். மின்சாரம் ஊட்டும் பவர் சப்ளை பெட்டிதான் பாக்கி. கடையில் இருபத்து நாலு, முப்பத்தாறு, நாற்பத்தெட்டு என்று மூன்று ரகம். குறைத்து வாங்கினால் மோட்டார் ஊரும். கூட்டி வாங்கினால் மோட்டாரை இயக்கும் டிரைவர் போர்டு புகைந்து போகும். இந்தப் பயத்தில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவர் மனைவிக்கும் ஒரு கவலை இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. அந்த அறை அவள் ஆய்வேடு எழுதுவதற்கென்றே பார்த்துப் பிடித்த அறை. இப்போது வாஷிங் மெஷின் மேல் லேப்டாப்பை வைத்து நின்றபடி எழுதுகிறாள். துணி பிழியும்போது மூன்றாம் அத்தியாயமே நடுங்குகிறது. பெண் முடிவெடுக்கத் தாமதித்தால் அதற்குப் பெயர் குழப்பம். ஆண் தாமதித்தால் ஆராய்ச்சி. ஆராய்ச்சிக்கு அறை வேண்டாமா? நிஜமாகவே ஆராய்ச்சி செய்கிறவள் துணியோடு துணியாக நிற்கட்டும்!

“நாற்பத்தெட்டே வாங்கிடலாம்னு பாக்கறேன்,” என்றார். “எதிர்வீட்டு அண்ணனும் பெருசாவே வாங்குன்னார்.”

“அவருக்கு இதுல என்ன தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது. ஆனா உறுதியா சொன்னார்.”

“போர்டு எவ்வளவு தாங்கும்?”

“ஐம்பது.”

“மோட்டார் சட்டுனு நிக்கும்போது கரண்டைத் திருப்பித் தள்ளும்னு தூக்கத்துல கூடப் புலம்பறீங்களே, அப்ப ஐம்பதைத் தாண்டாதா?”

கணக்கரின் முகம் வெளிறியது. “அப்ப இருபத்து நாலு?”

“ஊர்ந்து ஊர்ந்து போகும். அதுக்கொரு புலம்பல் நான் கேக்கணும். முப்பத்தாறு வாங்குங்க.”

“எரிஞ்சுட்டா?”

“நான் சொல்லித்தான் வாங்கினேன்னு எல்லார்கிட்டயும் சொல்லுங்க.”

கணக்கர் வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது. எரிந்தால் பழி அவளுக்கு. ஓடினால் பெயர் அவருக்கு. இதைவிட நல்ல வோல்டேஜ் எந்தக் கடையில் கிடைக்கும்?

“ஆனா ஒண்ணு,” என்றாள். “ஓடிச்சுன்னா, முதல் பலகைல நான் சொல்றதைத்தான் செதுக்கணும். நான் சொல்ற இடத்துலதான் மாட்டணும்.”

“தாராளமா! பூவா, மயிலா?”

“பாத்துக்கலாம்.”

ஞாயிற்றுக்கிழமை காலை. பெட்டி பொருத்தியாயிற்று. சாட்சிக்கு எதிர்வீட்டு அண்ணன் வந்து நின்றார். மனைவி கணினியில் எதையோ ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். கணக்கர் ஒரு கையில் மணல் வாளியோடு, சாமியை வேண்டிக்கொண்டு, சுவிட்சைத் தட்டினார்.

இயந்திரம் உறுமியது. கணக்கரின் கண் போர்டை விட்டு நகரவில்லை. மூக்கு புகையைத் தேடித் தேடி விடைத்தது.

“தம்பி, எழுத்து முத்து முத்தா விழுதே!”

“எழுத்தை விடுங்கண்ணே, புகை வருதா பாருங்க!”

“‘ப’ முடிஞ்சுது.”

“கருகற வாடை அடிக்குதா?”

“‘டி’ கூட வந்துடுச்சு...”

“போர்டு சுடுதா, லேசாத் தொட்டுப் பாருங்கண்ணே!”

“நீயே தொடுப்பா. எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு.”

புகையவில்லை. கருகவில்லை. கணக்கருக்கு மெல்ல மூச்சு வந்தது. மூச்சோடு பேச்சும் வந்தது. “பாத்தீங்களாண்ணே? எல்லாம் என் கணக்கு! முப்பத்தாறுன்னு நான் அப்பவே...”

மனைவி மறுக்காமல் ஸ்க்ரூடிரைவரைத் தேடி எடுத்துக்கொண்டாள். அப்போதாவது அவர் பயந்திருக்க வேண்டும்.

இயந்திரம் பலகையின் நான்கு மூலையிலும் திருகாணிக்கு ஓட்டை போட்டுவிட்டு நின்றது. அண்ணன் மரத்தூளை ஊதிவிட்டு உரக்கப் படித்தார்:

“‘படிப்பறை. தட்டிவிட்டு வரவும்.’”

கணக்கர் பலகையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். “இதை... எங்க மாட்டணும்?”

“இந்த அறைக் கதவுலதான்.”

“அண்ணே, நீங்களாவது சொல்லுங்க...”

“உன் கணக்குதானேப்பா?” என்று அண்ணன் செருப்பைத் தேடினார்.

“அப்ப என் மெஷின்?” என்று கணக்கர் இயந்திரத்தை மறைத்துக்கொண்டு நின்றார்.

“வாஷிங் மெஷின் பக்கத்துல இடம் இருக்கு,” என்றாள், ஸ்க்ரூடிரைவரை அவர் கையில் கொடுத்து. “துணி பிழியறப்ப மட்டும் செதுக்காதீங்க. எழுத்து நடுங்கும்.”