பதினாறு விளக்குப் பலகை

பதினேழாவது முறையாகக் கம்ப்யூட்டர் உறைந்து நின்றது. பேருந்து நேர அட்டவணை போடும் புரோகிராமை மூன்று மாதமாக எழுதிவந்த எஞ்சினியர், அலுவலக விதிப்படி ‘ஏன் நின்றது?’ என்று இருபது பக்க அறிக்கை அச்சடித்து, கம்ப்யூட்டர் பெட்டியின் தலையிலேயே அடுக்கினார். முந்தைய பதினாறும் அங்கேதான் இருந்தன.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஓடலைன்னா, வேலையை அடுத்த பிரிவுக்குக் கொடுத்துடுவேன்" என்றார் மேலாளர்.

பெற்று வளர்த்ததைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுப்பதா? எஞ்சினியர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"உள்ள என்ன நடக்குதுன்னு கண்ணால பார்த்தே தீருவேன்!"

ஒரு பலகையில் பதினாறு விளக்கும் எட்டு சுவிட்சும் பொருத்தி, கம்ப்யூட்டரின் முகப்பில் மாட்டினார். வயர் மேல்பக்கமாக வரவேண்டியிருந்ததால், இடைஞ்சலாக இருந்த காகிதக் கட்டைத் தூக்கி ஜன்னலோரம் போட்டார்.

"பெருக்குற இடத்துலயா சார்?" என்றார் துப்புரவு செய்யும் அக்கா.

"பெரிய வேலை நடக்குதுக்கா, கொஞ்சம் ஒதுங்குங்க."

வீட்டிலிருந்து மனைவியின் போன் வந்தது. "என்னங்க, படுக்கையறை சுவிட்சையெல்லாம் காணோமே?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் சமாளிம்மா."

விளக்குகள் மின்னிய வேகத்தில் பதினாறும் ஒன்றாக எரிவதுபோலத்தான் தெரிந்தது. கம்ப்யூட்டரின் வேகத்தைக் குறைத்தார். காலை ஆறு மணி பஸ் எப்போது கிளம்பும் என்பதை அது மாலை ஆறு மணிக்குச் சொன்னது. ஒருமுறை அமுக்கினால் புரோகிராம் ஒரே ஒரு படி மட்டும் நகரும்படி ஒரு பொத்தான் வைத்தார். இரண்டே நாளில் கட்டைவிரல் கத்தரிக்காயாக வீங்கியது. பிழை மட்டும் சிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை. விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு, விதி விட்ட வழி என்று முழு வேகத்தில் ஓடவிட்டார். மேலாளர் இரண்டு மணி நேரம் நின்று பார்த்தார். கம்ப்யூட்டர் நிற்கவே இல்லை.

"எப்படி சரி பண்ணீங்க?"

"அது வந்து சார்... நாம பார்த்துக்கிட்டே இருந்தா அதுக்கும் ஒரு பயம் வருதுங்க."

"பிரமாதம்! வேலை உங்ககிட்டயே இருக்கட்டும். எல்லா கம்ப்யூட்டருக்கும் இப்படி ஒரு பலகை பண்ணுங்க. ஒரு அறிக்கையும் கொடுங்க."

எஞ்சினியருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்திலேயே அறிக்கையை அச்சடித்து, பழக்கதோஷத்தில் பெட்டியின் மேல் வைக்கப் போனார்.

துடைத்துக்கொண்டிருந்த அக்கா ஓடிவந்து தடுத்தார்.

"மறுபடியும் அங்கயா? காத்துப் போற ஓட்டையை அடைச்சிருந்த காகிதத்தை நீங்க எடுத்த அன்னைக்குத்தானே சார் அதுக்கு மூச்சே வந்துச்சு!"