மாப்பிள்ளை காருக்கு நான் பிரேக் பார்த்த கதை

கையில் ஸ்பானர் கிடைத்துவிட்டால் எனக்கு மூளை வேலை செய்யாது. இதை நான் ஒப்புக்கொள்ளப் பல வருஷங்கள் ஆயின. என் மனைவி பாவாயி கல்யாணமான முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டாள்.

வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசிக் காலம். எனக்கு இருபத்தைந்து வயது. சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் பழைய கார் வாங்கிச் சேந்தமங்கலத்துக்கு ஓட்டி வந்திருந்தேன். எண்ணெயில் வேலை செய்யும் பிரேக்! (ஊரில் யாருக்கும் அது புரியாது, எனக்கும்தான்.) பாவாயியின் தம்பி பழனியப்பனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், மாப்பிள்ளை என் காரில்தான் வரவேண்டும் என்று அடம்பிடித்தேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை பிரேக்கை மிதித்தால் பஞ்சு மாதிரி அமுங்கியது. குழாயில் காற்றுப் புகுந்துவிட்டது. இதற்கு வைத்தியம் செவ்வாய்ப்பேட்டை மெக்கானிக் முன்பே சொல்லியிருந்தார்: “ரெண்டு ஆளு வேணுங்க. ஒருத்தரு மிதிச்சுப் புடிக்கோணும், இன்னொருத்தரு சக்கரத்துகிட்ட இருக்கற திருகாணியைத் தொறந்து காத்தை உடோணும். திருகாணியை மூடுன பொறவுதான் காலை எடுக்கோணும்.”

ஊரே கல்யாண வேலையில் இருந்தது. பாவாயிதான் வந்தாள். “ஏனுங்க, நானு ஏறி மிதிக்கட்டுங்களா?”

“இதென்ன நெல்லு குத்துற வேலையா? நீ போயி சீலையை எடுத்து வை.”

பிரேக்குக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு வேப்பங்கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுக் காருக்கடியில் நுழைந்தேன். திருகாணியைத் திறந்ததும் எண்ணெய் என் மீசையில் பீய்ச்சியது. மேலே கட்டை டமாரென்று விழுந்தது. பிரேக் துள்ளி எழுந்தது. வெளியே போன காற்று உறவுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு உள்ளே திரும்பியது. (இது பின்னால் தெரிந்துகொண்டது.) நான்கு சக்கரத்துக்கும் இப்படியே செய்தேன். கடைசியில் உட்கார்ந்து பத்துத் தடவை மிதித்ததும் பிரேக் கல்லாக நின்றது. “ஜெயிச்சாச்சு!” என்று கத்தினேன்.

மறுநாள் விடியலில் பக்கத்தில் மாப்பிள்ளை, பின்னால் பாவாயி. காலை வெயில், காலி ரோடு, மடிப்புக் கலையாத பட்டு வேட்டி. நான் ஆகாயத்தில் பறந்தேன். வண்டிமாடுகள் ஹாரன் கேட்டே ஒதுங்கியதால் நாமக்கல் பக்கம் பெண் வீட்டு ஊர் வரும்வரை பிரேக்குக்கு வேலையே வரவில்லை. அங்கே ரோடு இறக்கம். கீழே பந்தல், மேளம், ஆரத்தித் தட்டோடு பெண்கள்.

மிதித்தேன். கால் தரையைத் தொட்டது. கார் நிற்கவில்லை.

“மச்சான், ஊடு வந்திருச்சுங்க!”

“தெரியுது மாப்ளே!”

“மச்சான், ஊடு போயிருச்சுங்க!”

மேளக்காரர்கள் வேலியைத் தாண்டிக் குதித்தார்கள். ஆரத்தி முழுவதும் கண்ணாடியில் கொட்டி உலகமே சிவந்தது. நேற்றுப் பத்துத் தடவை மிதித்த பிறகுதான் பிரேக் கல்லானது என்று நினைவு வந்து, மிதித்து எண்ண ஆரம்பித்தேன். ஆறு எண்ணுவதற்குள், கார் பெண்ணின் சித்தப்பா அடுக்கிய காய்ந்த சோளத்தட்டுப் போருக்குள் மூக்கு முதல் முதுகுவரை புகுந்து அமைதியானது. (கைப்பிரேக் என்று ஒன்று இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.)

“ஐயோ, முகூர்த்தம் தவறிப்போகுது!” என்று யாரோ அலறினார்கள். நாலு பேர் மாப்பிள்ளையைக் காலைப் பிடித்து இழுத்தெடுத்துப் பந்தலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தலையில் சோளத்தட்டும் தோளில் சோளத்தட்டுமாய் அவன் தாலி கட்டினான். அதுவரை குனிந்த தலை நிமிராமல் இருந்த பெண் அவனைப் பார்த்ததும் குபீரென்று சிரித்துவிட்டாள். கூட்டமும் சிரித்தது. என் மாமனார் மட்டும் சிரிக்கவில்லை; மூன்று மாதம் என்னோடு பேசவும் இல்லை.

போன மாதம் பழனியப்பனின் மூத்த மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையில் எல்லாம் அழகாக அச்சாகியிருந்தது. எனக்கு வந்ததில் மட்டும் அடியில் ஒரு வரியைப் பேனாவால் எழுதியிருந்தான்:

“மச்சான், தயவுசெய்து பஸ்ஸில் வரவும்.”