புல்வெளிதோறும் இரண்டு அட்டைகள்

திருமதி எங்கனின் புல்வெளியில் தன் பெயர் பொறித்த தேர்தல் விளம்பர அட்டைக்குப் பக்கத்திலேயே, தோளோடு தோள் உரசிக்கொண்டு, ஓர்வில் ஹௌகனின் அட்டையும் நிற்பதைக் கண்ட அன்னிகா திடுக்கிட்டாள். முந்தின நாள் மாலை அவளுடைய அட்டை மட்டுமே அங்கே நின்றது. அடுத்த வீட்டிலும் இரண்டு. எதிர்வீட்டிலும் இரண்டு. தெருக்கோடிவரை நடந்து பார்த்தாள். நோர்பி நகரின் வாசல்தோறும், புகைப்படத்துக்கு நிறுத்திய மணமக்களைப்போல, இருவரும் சேர்ந்தே நின்றனர்.

நேரே ரோக்சேனின் முடிதிருத்தகத்துக்குள் நுழைந்தாள். கடைக்காரியும் பள்ளிக்காலத் தோழியுமான ரோக்சேனே அவளுடைய தேர்தல் ஆலோசகரும் ஆவாள்.

"ரெண்டு பேரு அட்டையையும் வெச்சா என்னடி அர்த்தம்?"

"நம்ம ஊர்க்காரங்களுக்கு மாட்டேன்னு சொல்ல வாய் வராதுன்னு அர்த்தம்," என்றாள் ரோக்சேன், கத்தரிக்கோலை நிறுத்தாமல். "நாளைக்கு ஒரு கரடி வந்து அட்டை நட்டாலும் வெச்சுக்குவாங்க."

அன்னிகா சிரிக்கவில்லை. சிரிக்கும் நிலையில் அவள் இல்லை.

காரணம் இதுதான். நோர்பியின் பள்ளிக் குழுவில் ஐவர் இருந்தனர். ஏரியின் வடகரைக்குச் சென்றுவரும் பள்ளிப் பேருந்தை வரும் ஆண்டிலிருந்து நிறுத்திவிடலாம் என்று அவர்களுள் மூவர் முடிவு செய்திருந்தனர். மினசோட்டாவின் சனவரிக் குளிரில், வடகரைக் குழந்தைகள் நெடுஞ்சாலைவரை இருட்டில் நடந்து வந்து வேறு பேருந்துக்குக் காத்து நிற்கவேண்டும். இதைத் தீர்மானித்த பெரியவர்கள் ஒவ்வொருவரும் அன்று சூடேற்றிய காரில் ஏறித்தான் வீடு திரும்பினர் என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

அந்த மூவர் யார் யார் என்பது பார்வையாளர் எவருக்கும் தெரியவில்லை. நோர்பியில் வாக்கெடுப்பு என்பது ஐந்து வாய்கள் ஒரேநேரத்தில் முணுமுணுப்பது. ஆயினும், குழுத்தலைவர் ஓர்வில் எழுந்து தீர்மானத்தை வாசித்ததை அன்னிகா தன் கண்ணால் கண்டாள். அது போதாதா? நகர நூலகத்தைச் சனிக்கிழமைகளிலும் திறக்கவைத்தவள் அவள். அடுத்த வாரமே வேட்புமனுவை நீட்டிவிட்டாள்.

"நேரா போய்க் கேட்டுடு. நீயா, அந்தாளான்னு," என்றாள் ரோக்சேன்.

கேட்டாள்.

"திருமதி எங்கன், சுத்தி வளைக்கல. நீங்க என் பக்கமா, ஓர்வில் பக்கமா?"

நோர்பியில் இவ்வாறு கேட்பது, பிறர் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் சேற்றுக்காலைத் தூக்கி வைப்பதற்குச் சமம். திருமதி எங்கன் கதவின் கைப்பிடியைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டார்.

"ரெண்டு பேருக்கும்தான் கண்ணு."

"ரெண்டு பேருக்கும்னா எப்படி?"

அந்த அம்மாள் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். அன்னிகாவின் முகத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"காப்பி குடிக்கிறியா?"

ஒரு பெண்ணின் மனத்தை நோகடித்துவிட்டோமே என்ற துயரம் தாளாமல், அன்று மாலையே திருமதி எங்கன் இரண்டு அட்டைகளையும் பிடுங்கிக் கொட்டகைக்குள் ஒளித்துவைத்தார். பிறகு தொலைபேசியை எடுத்தார். மறுநாள் விடியும்போது நோர்பி முழுவதும் மொட்டைப் புல்வெளியாய்க் கிடந்தது.

"என்னடி இது, தேர்தலையே காணோம்!" என்று வியந்தாள் ரோக்சேன். "போ, போய் மன்னிப்புக் கேளு. வெறுங்கையோட போகாதே."

அன்னிகா பூசணிக் கேக்குச் சுட்டு, வீடுவீடாக எடுத்துச் சென்றாள். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டுமுறை வேண்டாம் என்று மறுத்து, மூன்றாம்முறை வாங்கிக்கொண்டார்கள். மன்னிப்பை மட்டும் எவரும் ஏற்கவில்லை. தவறே நடக்கவில்லை என்று சாதித்தார்கள். மாலைக்குள் அட்டைகள் மீண்டும் முளைத்தன. இரண்டிரண்டாகவே முளைத்தன.

அன்றிரவு மேற்கே டகோட்டாப் பக்கமிருந்து காற்று அடித்தது. ஓர்வில் இரும்புக்கடை வைத்திருப்பவர். அவருடைய அட்டைகளுக்குக் கனமான கம்பிக்கால்கள். அன்னிகாவின் அட்டைகளோ ஒன்றுவிடாமல் பறந்தன.

அவற்றைத் தேடிக் காலையில் புறப்பட்டவள், ஓர்விலின் வீட்டெதிரே வந்ததும் உறைந்து நின்றாள். ஓர்விலின் புல்வெளியில், பள்ளி அணிவகுப்பைப்போல வரிசை பிசகாமல், அவளுடைய அட்டைகள் அத்தனையும் நின்றன.

"நக்கலா பண்றாரு!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்து, கைக்கு வந்ததைப் பிடுங்கத் தொடங்கினாள்.

அந்நேரம் பார்த்துத் தபால்காரர் டெல்மரின் வண்டி அவ்வழியே சென்றது. வண்டியோட்டும் எவரும் எதிர்ப்பட்டவரைக் கண்டால் ஸ்டியரிங் சக்கரத்திலிருந்து ஒரு விரலையேனும் உயர்த்துவது அவ்வூர் வழக்கம். டெல்மரின் விரல் உயரவில்லை. ஓர்வில் வீட்டில் அன்னிகா அட்டை திருடுகிறாள் என்ற செய்தி, தபாலைவிட விரைவாக, மதியத்துக்குள் வீடுதோறும் பட்டுவாடா ஆகப்போகிறது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

பிடுங்கியவற்றைப் பதற்றத்துடன் மீண்டும் ஊன்றிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

"காப்பி குடிக்கிறியா?" என்றார் ஓர்வில்.

"வேண்டாங்க."

"சூடா இருக்கு."

"இல்லைங்க, பரவாயில்ல."

"ஊத்திட்டேனே."

"அப்ப அரை கோப்பை குடுங்க," என்று உள்ளே சென்று அமர்ந்தாள். கோபம் வேறு, முறைமை வேறு.

"என் அட்டைக்கு உங்க வாசல்ல என்ன வேலை?"

"பள்ளத்துல கெடந்துச்சும்மா. எது எந்த வீட்டோடதுன்னு தெரியல. வீணாப் போக வேண்டாமேன்னு இங்கயே நட்டேன்."

"எதிரியோட அட்டையை யாராவது நடுவாங்களா?"

"எதிரியா?" ஓர்வில் திரும்பித் தம் முதுகுக்குப் பின்னால் யாரேனும் நிற்கிறார்களா என்று பார்த்தார்.

"பஸ்ஸை நிறுத்தினது நீங்கதானே!"

"வாசிச்சேன். தலைவர்னு உக்கார வெச்சிருக்காங்க, வாசிக்காம இருக்க முடியுமா? நானும் குனாரும் பஸ் வேணும்னுதான் சொன்னோம். மத்த மூணு பேரும் வேண்டாம்னுட்டாங்க."

அன்னிகா கோப்பையைத் தட்டில் வைத்தாள்.

"அதை ஏங்க நீங்க வெளியில சொல்லல?"

"யாரும் கேக்கலியே. நானாப் போய்ச் சொன்னா தற்பெருமை ஆயிடும்." அவர் சன்னலுக்கு வெளியே அவளுடைய அட்டைகளைப் பார்த்தார். "நீ உள்ள வந்தா நல்லதும்மா. நெசமாத்தான் சொல்றேன்."

தம் இடத்தையே விட்டுக்கொடுக்கத் துணிந்த மனிதரை அன்னிகாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அரை கோப்பையையும் முடிக்காமல் எழுந்து ஓடினாள்.

வழியெல்லாம் கூட்டிப் பார்த்தாள். குனாரின் பதவிக்காலம் இன்னும் முடியவில்லை. அவள் தோற்றால், பேருந்துக்கு ஓர்வில், குனார் ஆகிய இருவர். அவள் வென்றால், ஓர்வில் வெளியேறுவார், மீண்டும் இருவர். எப்படிக் கூட்டினாலும் இரண்டு! ஊர் மதிக்கும் மனிதர் அவர். நாளடைவில் அந்த மூவருள் ஒருவரையேனும் அவரால் மனம்மாற்ற முடியலாம். கண்ட புல்வெளியில் அட்டை பிடுங்கியவளின் பேச்சை யார் கேட்பார்கள்? பேருந்தைக் காப்பாற்றக் கிளம்பி, அதன் ஒரு சக்கரத்தை அல்லவா அவள் கழற்றிக்கொண்டிருந்தாள்?

"நான் விலகிக்கிறேன்டி," என்றாள் ரோக்சேனிடம்.

"வாக்குச்சீட்டே அச்சாயாச்சு. எங்கருந்து விலகுவே?"

எனவே, எஞ்சியிருந்த ஒரே வழியை அன்னிகா மேற்கொண்டாள். தன் வீட்டு வாசலில் ஓர்விலின் அட்டையை நட்டாள். கதவு கதவாகத் தட்டினாள்.

"ஓர்விலுக்கு ஓட்டுப் போடுங்க. தயவுசெஞ்சு."

"போடுறோம் கண்ணு, அதுக்கென்ன," என்றார் திருமதி எங்கன், அவள் கன்னத்தைத் தட்டி. "நல்ல பொண்ணு. இப்படித்தான் அனுசரிச்சுப் போகணும்."

"அப்ப எனக்குப் போட மாட்டீங்கதானே?"

"சேச்சே! அப்படியெல்லாம் மனசை விடலாமா?"

எந்த வாசலிலும் இதற்குமேல் ஒரு சொல் பெயரவில்லை. டெல்மர்கூட அன்று விரலை உயர்த்தினார்; அதுவும் இரண்டு விரல்களை.

தேர்தல் நாளன்று முதல் பனி விழுந்தது. வாக்குச்சாவடியாகிய தேவாலய நிலவறைக்கு அன்னிகா இறங்கும்போது, வடகரையில் வசிக்கும் ஜோலீன் இரண்டு பிள்ளைகளுடன் படியேறி வந்துகொண்டிருந்தாள். சின்னவளின் மூக்கு சிவந்திருந்தது.

"பஸ் வந்துடுமா அன்னிகா?"

"வந்துடும்," என்றாள் அன்னிகா. எப்படி என்று அவளுக்குத் தெரியாது. இல்லை என்று சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை, அவளும் நோர்பிக்காரிதானே.

ஓர்விலின் பெயருக்கு நேரே மட்டும் மை தீட்டிவிட்டு வீட்டுக்குப் போய் அழுதுவிடுவது என்ற உறுதியோடு அவள் மேசையருகே சென்றாள். வாக்குச்சாவடி அலுவலரான வெர்னா, வருகிறவர் எல்லாருக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிய குரலில், சீட்டை நீட்டிக்கொண்டே சொன்னார்:

"இந்தா கண்ணு, பள்ளிக் குழுவுக்கு இந்தத் தடவை எடமும் ரெண்டு, நிக்கிறதும் நீயும் ஓர்விலும் ரெண்டே பேரு, அதனால ரெண்டு வட்டத்துலயும் மையைத் தீட்டிட்டுப் போ, நீ வீடு வீடா ஏறி எறங்கினப்பவே சொல்லிடலாம்னு ஊர்ல எல்லாருக்கும் நெனப்புதான், அவ்வளவு ஆசையா அலைஞ்ச புள்ள முகம் வாடிடுமேன்னு யாரும் வாயைத் தொறக்கல."