காற்றுப் பாயும் என் வீரமும்

மலைக்குப் போகவே கூடாது என்று முடிவு செய்துவிட்டுத்தான், மலைக்குப் போவதற்கான பாயை வாங்கினேன்.

குழம்ப வேண்டாம். ஒரு மருந்துக் கிடங்கில் எனக்கு மேசை வேலை. எங்கள் மேலாளர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு மலைமேல் கூடாரம் போட்டுத் தங்கப் போவதாக அறிவித்தார். "நீங்களும் வர்றீங்கல்ல?" என்று என்னைக் கேட்டார். "காடுன்னா எனக்கு உயிர் சார்!" என்று சொல்லித் தொலைத்தேன். உண்மையில் குளியலறைக் கரப்பானைப் பார்த்தாலே எனக்கு வேர்த்துவிடும்.

ஆனாலும் தைரியமாக இருந்தேன். எனக்கு வீட்டில் ஒரு கோட்டை உண்டு. அதற்கு மனைவி என்று பெயர். போகப் பிடிக்காத இடத்துக்கு யார் கூப்பிட்டாலும், "வீட்ல விடமாட்டேங்கிறா சார்" என்று சொல்லித்தான் இத்தனை வருஷமும் மானத்தோடு வாழ்கிறேன். இந்தத் தடவை ஒரு சிக்கல். மேலாளரின் மனைவியும் வருகிறார். என் மனைவிக்கு அவர் தோழி. சும்மா சொன்னால் மாட்டிக்கொள்வேன். நிஜமாகவே அவள் வாயால் 'போகக் கூடாது' வர வேண்டும். அதற்குத்தான் பாய். கேட்காமல் வாங்கி வந்த பொருள் என்றால் அவளுக்கு ஆகவே ஆகாது.

கூடத்தின் நடுவே அதை வைத்தேன்.

"என்னங்க இது?"

"பாய்."

"இதுவா? தண்ணி பாட்டில் மாதிரி இருக்கு."

"காத்தடிச்சா பாய். ஆபீஸ்ல மலைக்குப் போறாங்க, அங்க படுக்குறதுக்கு. நீ வேணாம்னா வேணாம். உன் பேச்சை நான் என்னைக்கு மீறியிருக்கேன்?"

அவள் அதைக் கையில் தூக்கிப் பார்த்தாள். இடி விழப் போகிறது என்று ஆவலோடு காத்திருந்தேன்.

"பஞ்சு மாதிரி இருக்கே! பார்த்துத்தான் வாங்கியிருக்கீங்க. போயிட்டு வாங்க."

"என்னது?"

"போயிட்டு வாங்கன்னேன்."

"தரையில படுக்கணும்மா. எனக்கு இடுப்பு வலி."

"அதுக்குத்தானே பாய்?"

"குளிரும்."

"கம்பளி தர்றேன்."

"பாம்பு வரும்!"

"கூடாரத்துக்கு ஜிப் இருக்கும்ல, உள்ள வராது."

சரி, நான் படும் பாட்டைப் பார்த்தாவது இரக்கம் வரட்டும் என்று ஊத ஆரம்பித்தேன். ஊதி ஊதிக் கண் இருட்டியது. பாய் ஒருவழியாக எழுந்ததும் அதன்மேல் விழுந்தேன். சிப்ஸ் பாக்கெட்டைக் கசக்குவது போல ஒரு சத்தம். கொஞ்சம் புரண்டேன். வழவழ தரையில் பாய் என்னையும் சுமந்துகொண்டு வழுக்கிப் போய் சோபாவுக்கு அடியில் நின்றது. தலை உள்ளே, கால் வெளியே.

"சௌகரியமா இருக்கா?" என்று காலிடம் கேட்டாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் குண்டூசியை எடுத்தேன். ஒரே குத்து. மாலையில் துக்க முகத்தோடு அவளை வரவேற்றேன்.

"காத்தே நிக்கலைம்மா. எங்கயோ ஓட்டை. என்ன செய்ய, கொடுத்து வைக்கலை!"

என் மூளையின் லட்சணத்தை நீங்கள் இங்கேதான் தெரிந்துகொள்ள வேண்டும். என் மனைவி சைக்கிள் கடை நடத்துகிறாள். கடை திறந்தது முதல் மூடுவது வரை அவள் பார்க்கிற வேலையே பஞ்சர் ஒட்டுவதுதான்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். வாளியில் தண்ணீர் வந்தது. பாயைக் கொஞ்சம் கொஞ்சமாக முக்கினாள். குமிழி கிளம்பியது. "இந்தா இருக்கு!" துடைத்து, உரசி, பசை தடவி, ஒட்டுப் போட்டுக் கட்டைவிரலால் அழுத்தினாள். நான் ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் எல்லாம் முடிந்தது.

"முள்ளும் இல்ல, ஆணியும் இல்ல. குண்டூசி குத்தின மாதிரி இருக்குங்க" என்று என்னைப் பார்த்தாள்.

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

கிளம்பும் நாள் காலை. என் பை, பாய், கம்பளி எல்லாம் வாசலில் தயார். வேன் வந்து ஹார்ன் அடித்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்குப் பயமா இருக்கும்மா. நீ விடலைன்னு சொல்லிடேன்."

"இதை அன்னைக்கே சொன்னா என்ன?"

"வெட்கமா இருந்துச்சு."

"உங்க ஆபீஸ்ல நான் ராட்சசியாமே? உங்களை எங்கயும் விடுறதில்லையாமே? மேலாளர் வீட்டம்மா சொன்னாங்க. அதான், நீங்களா வாயைத் திறக்குற வரைக்கும் எதுக்கும் வேணாம்னு சொல்றதில்லைன்னு இருந்தேன்."

தலை குனிந்தேன். வேனிலோ அத்தனை பேரும் என்னையே பார்க்கிறார்கள். அவள் நேராக மேலாளரிடம் போனாள்.

"மன்னிச்சுக்கோங்க சார். இவர் வரணும்னு துடியா துடிக்கிறாரு. நான்தான் விடலை. பொண்ணுக்குப் பரீட்சை, இவர்தான் பாடம் சொல்லித் தரணும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தான் கெட்ட பெயர் வாங்கி என் மானத்தைக் காப்பாற்றினாள். கோயிலில் நிற்கிற மாதிரி கைகூப்பி நின்றேன். மிகையில்லை, மனசார நின்றேன். அதைப் பார்த்து, நான் அவளை வழியனுப்புகிறேன் என்று எல்லாரும் நினைத்திருக்க வேண்டும். ஏனென்றால் அவள், "ஒரு இடம் எதுக்கு சார் வீணா போகணும்?" என்றபடி பையையும் பாயையும் தூக்கிக்கொண்டு வேனில் ஏறிவிட்டாள்.

"ஏங்க, கடைச் சாவி ஆணியில மாட்டியிருக்கு!"

வேன் போய்விட்டது. அந்த இரண்டு நாளும் மகள் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க, கடையில் டியூப் மாற்றி மாற்றி என் கை கறுத்தது. இருந்தாலும் என் கட்டில், என் தலையணை, என் கொசுவலை. ஒவ்வொரு தடவை படுக்கும்போதும் அவளுக்கு நன்றி சொன்னேன். மலையில் அவள் பட்ட கஷ்டம் என்னவோ என்று மனசு அடித்துக்கொண்டது.

திங்கட்கிழமை முதல் வேலையாக மேலாளர் அறைக்குப் போனேன்.

"வர முடியாமப் போச்சு சார். ரொம்ப வருத்தம்."

"அட விடுங்க! அடுப்பு மூட்டினது, சாய்ஞ்ச கூடாரத்தை நிமித்தினது, வழியில வேனுக்கு டயர் மாத்தினது எல்லாம் உங்க வீட்டம்மாதான். அவங்க பேச்சுக்குச் சிரிச்சுச் சிரிச்சு எங்களுக்கு வயிறு வலி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, கெஞ்சுகிற மாதிரி சொன்னார்: "அடுத்த மாசம் ஆத்தங்கரைக்குப் போறோம். அப்பவும் அவங்க உங்களை விடாம இருக்கணும்னு எல்லாருமே ஆசைப்படுறோம்."