முன் பிரேக்கைத் தொடாதவர்

இன்றைக்கு உங்களுக்கு அறிமுகம் செய்யவிருக்கும் ஜீவனின் பெயர், முன் பிரேக் விரோதி. தமிழ்நாடு முழுக்கப் பரவியிருக்கிற இனம்தான் என்றாலும், நல்ல கொழுத்த உருப்படியைப் பார்க்க வேண்டுமானால் கொல்லிமலைக்குத்தான் வர வேண்டும். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலையில், வண்டியை நிறுத்தத் தெரியாதவர் எப்படி உயிரோடு இருக்கிறார் என்று கேட்பீர்கள். நாங்களும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அவரை அடையாளம் காண்பது எளிது. வண்டி ஓட்டும்போது அவருடைய வலது கை விரல்கள் பிடியைச் சுற்றி இறுகியிருக்கும். ஒன்றுகூட பிரேக் லீவர் பக்கம் நீளாது. லீவர், கடையில் வாங்கிய அன்றைய பளபளப்பு மாறாமல் இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு வண்டியில், அந்த லீவருக்கும் பிடிக்கும் நடுவில் ஒரு சிலந்தி வலை கட்டி, பிள்ளை பெற்று, பேத்தி எடுத்து, பேத்திக்கும் அதே லீவரின் நுனியில் தனிக்குடித்தனம் வைத்துக் கொடுத்தது. ஒருநாள்கூட அந்தக் குடும்பத்துக்கு இடைஞ்சல் வந்ததில்லை.

அப்படியானால் அவர் எப்படித்தான் நிற்கிறார்? பின் பிரேக்கை மிதிப்பார். போதாவிட்டால் இன்னும் மிதிப்பார். அதுவும் போதாவிட்டால் இரண்டு கால்களையும் தொங்கவிட்டு, செருப்பைத் தரையில் தேய்த்து, ஏர் மாட்டை நிறுத்துகிற குரலில் 'ஓ ஓ ஓ' என்று வண்டிக்கு எடுத்துச் சொல்லி, எதிரே தெரிகிற வேலியிடமோ, சுவரிடமோ, சொந்தக்காரர்களிடமோ வண்டியை ஒப்படைத்துவிடுவார். நின்றுவிடும். எந்த வண்டியும் எங்கேயாவது நின்றுதானே ஆக வேண்டும்?

இதோடு விட்டாலும் பரவாயில்லை. ஊருக்கும் உபதேசம் செய்வார். டீக்கடை வாசலில் யாராவது புது வண்டியோடு வந்தால் போதும், கையிலிருக்கும் டீயை ஆறவிட்டுவிட்டு, முன் பிரேக்கை மட்டும் தொட்டுவிடாதே, குட்டிக்கரணம் அடித்துவிடுவாய் என்று ஆரம்பிப்பார். யார் சொன்னது என்று கேட்டுப் பாருங்கள். அவருடைய சித்தப்பா சொன்னார். சித்தப்பாவுக்கு யார் சொன்னது? இப்படியே பின்னால் போனால், என்றைக்கோ ஒருநாள் சைக்கிளில் மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு இறக்கத்தில் போய், பயத்தில் முன் பிரேக்கை ஒரே இறுக்காக இறுக்கி, கிழங்குக்கு முன்னால் தான் போய்ச் சந்தையில் இறங்கிய யாரோ ஒரு புண்ணியவானிடம் போய் முடியும். அவர் ஒருவர் பறந்தார். அவருக்குப் பின்னால் மூன்று தலைமுறை செருப்பைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது.

திருப்புலி நாட்டு மணிவண்ணனைச் சொல்லாமல் இந்த இனத்தைப் பற்றிப் பேச முடியாது. (எங்கள் மலையில் நாலைந்து ஊர் சேர்ந்தால் அது ஒரு நாடு.) மிளகு நன்றாகக் காய்த்த வருஷம், இருநூறு கிலோ கனத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். அது கிளம்பினால் பக்கத்து நாட்டில் கோழி முட்டையிடுவதை நிறுத்தும் என்பார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. அவருடைய மனைவி ராதிகா செம்மேட்டில் தையல் கடை வைத்திருக்கிறாள். தினமும் ஸ்கூட்டியில் போய் வருகிறாள். ஸ்கூட்டி வண்டியே இல்லை, நகர்கிற நாற்காலி என்பது மணிவண்ணனின் கருத்து. தன் பின்னால் ராதிகா உட்கார்ந்து வரும்போது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவள் மூக்கு தன் ஹெல்மெட்டில் வந்து இடிப்பதைப் பற்றி அவருக்குக் கருத்து ஏதும் இல்லை.

போன தை மாதம், மலையடிவாரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் அவருடைய தங்கை அம்சவேணியின் குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்த மடிக்கு ஒரு போட்டியும் இருந்தது. அம்சவேணிக்குப் பெரியப்பா மகன் பூபதி, முறைப்படி அவனும் மாமன்தான், முந்தின நாளே வந்து தங்கியிருந்தான். காலையிலேயே பட்டு வேட்டி கட்டி, பந்தலில் சம்மணம் போட்டு, மடியின் மேல் ஒரு துண்டை விரித்து வைத்திருந்தான். நல்ல நேரம் முடிவதற்குள் மணிவண்ணன் வரவில்லை என்றால் குழந்தை அங்கேதான் உட்காரும். மணிவண்ணன் உயிரோடு இருக்கும்வரை அவருக்கு அது ஆறாது.

புறப்பட்டார்கள். ராதிகாவின் மடியில் சீர்த்தட்டு: தோடு, பட்டுப்பாவாடை, பழம், வெல்லம். மலையிறக்கம் தொடங்கியதும் மணிவண்ணன், எங்கள் ஊர் ஆண்கள் எல்லோரும் செய்கிற காரியத்தைச் செய்தார். என்ஜினை அணைத்து, கியரை எடுத்துவிட்டார். இறக்கத்துக்குப் பெட்ரோல் எதற்கு? தண்ணீரே சும்மா ஓடுகிற இடத்தில் மனிதன் காசு கொடுத்து ஓடுவானா? ஆகவே அவ்வளவு பெரிய வண்டியையும், இரண்டு ஆட்களையும், சீர்த்தட்டையும் தாங்கிப் பிடிக்கிற பொறுப்பு முழுவதும் மணிவண்ணனின் வலது பாதத்தின் மேல் விழுந்தது.

பாதி மலை இறங்கும்போது ஏதோ கருகுகிற வாடை வருகிறது என்றாள் ராதிகா. யாரோ காப்பிக்கொட்டை வறுக்கிறார்கள் என்றார் மணிவண்ணன். அடுத்த வளைவிலும் வறுத்தார்கள். அதற்கடுத்த வளைவிலும் வறுத்தார்கள். கடைசி வளைவு தாண்டி, தங்கை வீட்டுக்குப் போகிற நேர்ச் சாலை வந்தபோது, பின் பிரேக் அடிவரை இறங்கியது. வண்டி இறங்குவதை நிறுத்தவில்லை.

"ஏனுங்க, அந்த முன்னாடி இருக்கறதப் புடிங்க."

"அது ஆகாது புள்ள. நீ தட்டப் புடி."

வாசலில் பந்தல். மேளக்காரர்கள் தயார். ஆரத்தித் தட்டோடு ஐந்தாறு பெண்கள். வண்டியைக் கண்டதும் மேளம் முழங்கியது, ஆரத்தி உயர்ந்தது, அம்சவேணி முகமெல்லாம் மலர 'அண்ணா' என்றாள். அண்ணா இரண்டு காலையும் தொங்கவிட்டபடி, சத்தமில்லாமல், மரியாதையாகத் தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு அவளைக் கடந்து போனார். மேளக்காரர்கள் அதுதான் அந்த வீட்டு வழக்கம் போலிருக்கிறது என்று கொஞ்ச தூரம் வாசித்துக்கொண்டே கூட ஓடினார்கள்.

பந்தலில் பூபதி துண்டைச் சரிசெய்துகொண்டான்.

பந்தலைத் தாண்டி வெகுதூரம் உருண்டுபோய் வண்டி கடைசியில் நின்றது, அமீர் பாஷாவின் டயர் கடை வாசலில் மாடி கட்டுவதற்காகக் கொட்டி வைத்திருந்த மணலில். யாருக்கும் காயமில்லை. ராதிகா தட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி இடுப்பு வரை மணலில் உட்கார்ந்திருந்தாள். அமீர் பாஷா வந்து பின் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினார். இந்தச் சூடு ஆற வெகுநேரமாகும், அதுவரை முன் பிரேக் ஒன்றுதான் கதி என்றார். மணிவண்ணன் நடந்தே போய்விடலாம் என்றார். நடந்து போனால் நல்ல நேரம் வழியிலேயே முடிந்துவிடும் என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது. ராதிகா மணலைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"கையில இருக்கறதப் புடிச்சு நிறுத்திப் பழகுங்க, ஏறி உக்காந்து வாரேன். இல்லீன்னா போன் போட்டு, புள்ளய பூபதி மடியிலயே வெக்கச் சொல்லிருவேன்."

மணிவண்ணன் ஹெல்மெட்டுக்குள் என்ன நினைத்தார் என்று யாருக்கும் தெரியாது. கடை முன்னால் இருந்த வெறும் தரையில் வண்டியைக் கிளப்பினார். கொஞ்சம் போய், கண்ணை மூடிக்கொண்டு, லீவரை ஒரே இறுக்காக இறுக்கினார். வண்டி மூக்கைத் தரையில் முட்டிவிட்டு எழுந்தது. பார்த்தாயா, நான் சொன்னேனே என்று ராதிகா பக்கம் திரும்பினார். அதில் அவருக்கு ஒரு சந்தோஷமும் தெரிந்தது.

"மாட்டக் கறக்கறப்ப காம்ப வெடுக்குனா இழுப்பீங்க? உதைக்காதா? மெதுவாத் தொட்டு, அப்பறம் கொஞ்சங் கொஞ்சமா அமுக்குங்க. நான் தெனம் அப்படித்தான வாரேன்."

இரண்டாவது தடவை மெதுவாகத்தான் அமுக்கினார். ஆனால் முன் சக்கரத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு, கைப்பிடியைத் திருப்பிவிட்டார். இருநூறு கிலோவும் ஒரு பக்கமாகச் சாயப் பார்த்தது. அமீர் பாஷா ஓடி வந்து தாங்கினார். கீழே என்ன தெரிகிறது, தூரத்தில் பாருங்கள், கைப்பிடியை நேராக வையுங்கள் என்று கடை வாசலில் கூடிவிட்ட எல்லோரும் சொன்னார்கள். மூன்றாவது தடவை தூரத்து வேப்பமரத்தைப் பார்த்தபடி, கைப்பிடி நேராக இருக்க, பால் கறக்கிற அதே விரல்களால் அமுக்கிக்கொண்டே வந்து, கிளட்சைப் பிடித்து, இடது காலை ஊன்றினார். வண்டி நின்றது. எதன் மேலும் மோதாமல் நின்றது. தான் எங்கே இருக்கிறோம் என்று கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்தார்.

ராதிகா ஏறிக்கொண்டாள். பந்தலுக்குத் திரும்பினார்கள். பூபதியின் மடியை நோக்கிக் குழந்தையைத் தூக்கியாகிவிட்டது. காது குத்த வந்த ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாசலில், ஆரத்தித் தட்டுக்கு ஒரு முழம் முன்னால், வண்டி வந்து நின்றது. பெண்கள் சுற்றினார்கள், பொட்டு வைத்தார்கள், மணிவண்ணன் இறங்கச் சொன்னார். ராதிகா இறங்கவில்லை. நாத்தனார் மேல் என்ன கோபமோ என்று உறவினர்கள் கிசுகிசுத்தார்கள். ஒரு கோபமும் இல்லை. வண்டி இன்னும் நிற்கவில்லை என்று நினைத்து, அவள் மூக்கைப் பக்கவாட்டில் திருப்பித் தயாராகக் காத்துக்கொண்டிருந்தாள்.

குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்து, முறைப்படி அழுதது. பூபதி துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு பந்திக்குப் போனான்.

திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? மறுநாளே டீக்கடையில், பின் பிரேக்கை மட்டும் தொட்டுவிடாதே என்று ஆரம்பித்திருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்று ராதிகா சொல்லிப் பார்த்தாள். ஸ்கூட்டிக்காரர்களுக்கு இதெல்லாம் புரியாது என்றாராம். இந்த இனம் அழிவதில்லை. தொடாத பிரேக்கை மட்டும்தான் மாற்றிக்கொள்கிறது.

நீங்கள் சிரிக்கலாம். உங்களிடம் கார் இருக்கும், அல்லது பஸ்ஸில் போகிறவராக இருப்பீர்கள், அல்லது இதையெல்லாம் எப்போதோ முறையாகக் கற்றுக்கொண்டவராக இருப்பீர்கள். ரொம்ப நல்லது. சின்னச் சந்தேகம் இருந்தாலும் வீட்டில் போய்க் கேட்காதீர்கள். உங்கள் பின்னால் உட்கார்ந்து வருபவர், நீங்கள் நன்றாகத்தான் ஓட்டுகிறீர்கள் என்று சொல்வார். அப்படிச் சொல்லும்போது அவருடைய கை எதை, எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.