கதவுக்குப் பல் தேய்த்துவிட்ட கதை

அன்புத் தம்பிக்கு,

உன் அண்ணி எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நானும் இருக்கிறேன். விரல் தோல்தான் உரிந்து கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணனின் காரை எடுத்துப்போக வருவதாகச் சொன்னாய். "கதவுல இருக்கிற பெயின்ட் புள்ளியெல்லாம் போயிடுமா அண்ணி? ஆபீஸ்ல சிரிப்பாங்க" என்றும் கேட்டாய். நியாயம்தான். எந்த வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் அடித்தாலும், கலந்த நிறத்தை விரலால் தொட்டு டிரைவர் பக்கத்துக் கதவில் வைத்துவிடுவார் உன் அண்ணன். அடுத்த முறை அதே நிறம் கலக்க வேண்டுமே. "சீட்டுல எழுதினா தொலைஞ்சிடும்டி, கார் எங்க போகும்?" என்பார். கார் எங்கேயும் போகவில்லை. அவர்தான் போய் மூன்று மாதம் ஆகிறது.

சரி, கொடுக்கிற பொருளைச் சுத்தமாகக் கொடுப்போம் என்று முதலில் வெந்நீரும் பாத்திரம் கழுவுகிற சோப்பும் போட்டேன், பாதிப் புள்ளி போனது, மீதிக்குப் பற்பசையைப் பிதுக்கி பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன், பக்கத்து வீட்டு நர்ஸ் எட்டிப் பார்த்து, "என்னக்கா, காருக்குப் பல்லு வெளக்கி விடுறீங்களா? கொப்பளிக்கத் தண்ணி கொண்டு வரவா?" என்றாள், நான் காதில் வாங்காமல் வினிகர் ஊற்றினேன், அப்புறம் மண்ணெண்ணெய், எல்லாம் போய் ஒரு பச்சைப் புள்ளி மட்டும் உன் அண்ணனைப் போலவே அசையாமல் உட்கார்ந்திருந்தது. நர்ஸிடமே நகப்பூச்சு அழிக்கிற மருந்தை வாங்கினேன். பாட்டிலில் என்னவோ பொடி எழுத்தில் எழுதியிருந்தது, என் படிப்புக்கு அதெல்லாம் வராது, ஊற்றித் தேய்த்தேன். பச்சை போனது. கூடவே காரின் நீலமும் போனது. உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாகப் பல்லிளித்தது. அதை மறைக்க வீட்டில் இருந்த ஷூ பாலிஷைத் தடவினேன், கறுப்புதான் இருந்தது. இப்போது கார் யாரிடமோ கண்ணில் குத்து வாங்கியது போல நிற்கிறது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அண்ணன் போனப்பகூட நீங்க அழலையேக்கா. ஒரு கதவுக்கா இப்படி?" என்றாள் நர்ஸ்.

"மருந்து நெடிடி, கண்ணு எரியுது" என்றேன்.

அரை மணி நேரம் நெடியாகவே இருந்தது. அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, ஆமாம் நெடிதான் என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஆக, புள்ளி ஒன்றுகூட இல்லை. கறுப்பை மட்டும் நீ ஏதாவது செய்துகொள். பிள்ளைகளுக்கு முத்தம். உன் வீட்டுக்காரியை நான் விசாரித்ததாகச் சொல். எல்லோரும் நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன், உள்ளேயும் துடைத்துவிடலாம் என்று அவர் சீட்டில் உட்கார்ந்தேன். கால் எதிலும் படவில்லை. கீழே இருந்த கம்பியை இழுத்தேன், சீட் சர்ரென்று முன்னால் வந்துவிட்டது. அவர் எங்கே வைத்திருந்தார் என்று இப்போது தெரியவில்லை, எத்தனை முறை தள்ளியும் சரியாக வரவில்லை. உனக்கும் அவருக்கும் ஒரே உயரம். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா. காலை நீட்டி உட்கார்ந்து, சீட்டை அந்த இடத்தில் வைத்துவிட்டு இறங்கிவிடு. கார் தர மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. சாப்பிட்டுவிட்டு பஸ்ஸில் போ.