சிசிலி கண்டக்டரான ஞாயிற்றுக்கிழமை

இந்த வருஷமும் சிசிலியை ஊருக்கு அனுப்பக் கூடாது என்று சுவக்கீன் முடிவு செய்தான். அப்போது அவன் முகத்தில் சோப்பு நுரை, கையில் சவரக்கத்தி. பெரிய முடிவுகளை எல்லாம் அவன் கண்ணாடி முன்னால்தான் எடுப்பான். அங்கேதான் எதிர்த்துப் பேச ஆள் இல்லை.

ஊர் என்றால் காமநாயக்கன்பட்டி, கோவில்பட்டிப் பக்கம். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி அங்கே மாதா தேர். சிசிலியின் அம்மா அங்கேதான் இருக்கிறாள். கல்யாணமான மறுவருஷம் சிசிலி தேருக்குப் போய்ப் பதினைந்து நாள் இருந்துவிட்டு வந்தாள். அந்தப் பதினைந்து நாள் சுவக்கீன் பட்ட பாடு அவனுக்கும் மூணாறை அடுத்த மாட்டுப்பட்டி மழைக்கும்தான் தெரியும். கஞ்சியில் ஒருநாள் இரண்டு தரம் உப்புப் போட்டான். மறுநாள் போடவே இல்லை. அதுகூடப் பரவாயில்லை. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து, "ஏ சிசிலி, இன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்து, பூட்டின கதவைப் பார்த்தபடி நின்றான். ஒருநாள் அல்ல, பதினைந்து நாளும். இதை ஒரு ஆம்பளை வெளியே சொல்ல முடியுமா? ஆகவே பொய் சொன்னான்.

தேயிலை எஸ்டேட் ஆபீஸில் மஸ்டர் எழுதுகிறவன் அவன். யார் வேலைக்கு வந்தார்கள், யாருக்கு லீவு என்பதெல்லாம் அவன் கை வழியாகத்தான் துரைக்குப் போகும். எஸ்டேட் தொழிலாளர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவான சிசிலியின் லீவும் அப்படித்தான். "கேட்டேன். துரை முடியாதுன்னுட்டாரு" என்று வருஷா வருஷம் சொன்னான். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவன் புளுகு ஆறு வருஷம் ஓடியது.

ஏழாம் வருஷம், அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது என்று கடிதம் வந்தது. அன்றிலிருந்து சிசிலி அடுக்களை ஜன்னலில் நின்று கிழக்கே பார்க்க ஆரம்பித்தாள். கேட்கிறவளிடம் பொய் சொல்லலாம். கேட்காமல் பார்த்துக்கொண்டு நிற்கிறவளிடம் என்ன சொல்வது?

அப்போதுதான் அவனுக்கு அந்தப் பெட்டி ஞாபகம் வந்தது. போன கிறிஸ்துமஸுக்கு லண்டனிலிருந்து துரையின் பங்களாவுக்கு வந்த விருந்தாளி இவனிடமே விட்டுப்போன விளையாட்டுப் பெட்டி. மூன்று நாள் விடாத மழையில் விளையாட ஆள் கிடைக்காமல், மஸ்டர் புத்தகத்தோடு போன சுவக்கீனைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார் அந்த மனிதர். உள்ளே மூன்று மெல்லிய புத்தகங்கள், இருபது முகமுள்ள ஒரு கட்டை. பலகையும் கிடையாது, காயும் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ சாமியாராகவோ அந்தக் கதைக்குள் புகுந்து, தான் என்ன செய்கிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதைக் கட்டை சொல்லும். கெட்டது நடந்தால் உயிர்ப்புள்ளி குறையும். புள்ளி தீர்ந்தால் ஆள் காலி.

சிசிலி ஊருக்குப் போகாமலே போய்விட்டு வந்தால்? நினைத்தபோதே சுவக்கீனுக்குப் புல்லரித்தது.

அகராதியும் கையுமாக ஒரு மாதம் உட்கார்ந்தான். சீமைக் கோட்டையை அழித்து மூணாறு பஸ் நிலையம் ஆக்கினான். பாதாளக் குகை பூப்பாறை ரோடு ஆயிற்று. வெள்ளைக்காரக் குட்டிப் பேய்களைத் தள்ளிவிட்டுக் குட்டிச்சாத்தான்களை வேலைக்கு வைத்தான். எல்லாவற்றையும் பழைய மஸ்டர் நோட்டில் சிவப்பு மையில் எழுதினான். முதல் விதி: 'கதை நடத்துகிறவர் சொல்வதே சட்டம்.' அந்த வரியை அவன் ஒரு நாளைக்கு நாலு தரம் வாசித்தான். வீட்டில் வேறு எங்கே கிடைக்கும் அந்தச் சுகம்?

ஜூலை மாதத்து முதல் ஞாயிறு. பூசை முடிந்து, மழை பிடித்துக்கொண்டது. லயத்து வரிசை வீடுகளில் கடைசியான சுவக்கீன் வீட்டில் நாலு பேர் உட்கார்ந்தார்கள்.

"ரூட்டு போட்டு ஆள ஏத்தி எறக்குறீங்க. அப்ப நீங்கதாண்ணே கண்டக்டர்" என்றான் ஜீப் டிரைவர் கருத்தப்பாண்டி. அவன் மந்திரவாதி. பக்கத்து வீட்டுச் செபமாலையம்மாள் சாமியார்.

"பொம்பளை எப்படிக்கா சாமியாரா இருக்கது?" என்றான் சுவக்கீன்.

"வெளையாட்டுலயாவது ஒரு பூசை வச்சுக்கிடுதேன், தம்பி. சும்மா இரி."

"நீ யாரு, சிசிலி? வீராங்கனையா?"

"நான் நானாத்தான் வருவேன். ஊருக்குப் போறேன்."

போனாள். போடிமெட்டுச் சோதனைச் சாவடியில் சுவக்கீன் ஒரு பூதத்தை நிறுத்தினான்.

"என்ன வேணுமாம் அதுக்கு?"

"மனுசக் கறி."

"பாவம், பசி. எங்கட்ட கட்டுச்சோறு இருக்கு. குடுக்கேன்."

கட்டை பதினெட்டு காட்டியது. பூதம் சோற்றைத் தின்றுவிட்டு அவள் மூட்டையையும் தூக்கிக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டது. மறு ஞாயிறு சுவக்கீன் மலையைச் சரித்தான். சிசிலி பூதத்தை விட்டு மண்ணை அள்ளச் சொன்னாள். அதற்கடுத்த ஞாயிறு பூதத்துக்குக் காய்ச்சல் வரவைத்தான். நாலு ஞாயிறு ஆகியும் போடிமெட்டு தாண்டவில்லை.

"பத்து வருசமா இந்த ரோட்டுல ஜீப் ஓட்டுறேன். இத்தனை இடைஞ்சல் பாத்ததில்லண்ணே" என்றான் கருத்தப்பாண்டி.

சிசிலி கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏங்க, நான் ஊரு போய்ச் சேருவனா மாட்டனா?"

"கட்டைதான் முடிவு பண்ணும்."

"கட்டையா, நீங்களா?"

சுவக்கீன் நோட்டுக்குள் முகத்தைப் புதைத்தான். அதில் அவசரமாகப் படிக்க ஒன்றும் இல்லை.

"அடுத்த ஞாயிறு நான் கண்டக்டர்" என்றாள் சிசிலி. "யாரு வேணா நடத்தலாம்னு பொஸ்தகத்துல இருக்குன்னு நீங்கதான வாசிச்சீங்க?"

சரி என்றான். தேருக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். ஒரு ஞாயிறு கழிந்தால் லாபம்தானே?

அந்த ஞாயிறும் வந்தது. சிசிலி நோட்டைத் திறக்கவே இல்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தாள்: "நீங்க வீரன். எட்டு உயிர். பொண்டாட்டி தேருக்குப் போயிருக்கா. வர பதினஞ்சு நாளாகும். மொத நாள் காலைல அடுப்பு அணைஞ்சு கெடக்கு. விறகு ஈரம். என்ன செய்றீங்க?"

சுவக்கீன் சிரித்தான். "வாளை உருவுதேன்."

"உருவி?"

"விறகைப் பொளக்கேன்."

"உருட்டுங்க."

மூன்று.

"பொகைதான் வருது, தீ வரல. கண்ணு அவிஞ்சு ஒரு உயிர் போச்சு."

"மந்திரம் போடுதேன்!"

"வீரனுக்கு மந்திரம் கெடையாது. நீங்க எழுதுனதுதான்."

"கடையில போய்த் திங்கேன்."

"கடை மூணு மைலு. மழை, அட்டை. உருட்டுங்க."

இரண்டு. அட்டைகள் இரண்டு உயிரைக் குடித்தன. இரண்டாம் நாள் மத்தியானம், பூதம் எதுவும் வராமலே, ஒரு பாத்திரம் வேகாத சோற்றுக்கு முன்னால் வீரன் செத்துப்போனான். செபமாலையம்மாள் கண்ணை மூடி, இறந்தவர்களுக்கான ஜெபத்தை முழுசாகச் சொல்லி முடித்தாள்.

"திரும்ப ஆடுதேன்!" என்றான் சுவக்கீன். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்த முறை ஐந்தாம் நாள் வரை போனான்.

மூன்றாம் ஆட்டத்தில் வாளை உருவவில்லை. "சிசிலி, தீப்பெட்டிய எங்க வச்சிருக்க?" என்று கேட்டான்.

"அப்படிக் கேளுங்க. அரிசி டின்னுக்குள்ள. வெளிய வச்சா நமுத்துப்போகும்."

"காஞ்ச விறகு?"

"பரண்ல, எடது பக்கம்."

கேட்கக் கேட்க எழுதினான். பூப்பாறை ரோட்டை எழுதின அதே சிவப்பு மையில் தன் சொந்த அடுக்களைக்குப் படம் போட்டான். எட்டு வருஷம் புழங்கிய வீடு. அதில் அவனுக்குத் தெரியாத இடம் அத்தனை இருந்தது. ஆறாம் நாள், ஏழாம் நாள், எட்டாம் நாள். உயிர் குறையவில்லை.

"ஒம்பதாம் நாள்" என்றாள் சிசிலி. "அடுப்பு எரியுது. சோறு பதமா வெந்திருக்கு. எதிரி யாரும் வரல. சாயங்காலம் ஆறு மணி. என்ன செய்றீங்க?"

"சாப்பிடுதேன்."

"சாப்பிட்டாச்சு. ஆறரை ஆச்சு. என்ன செய்றீங்க?"

சுவக்கீன் யோசித்தான். "ஒங்கிட்ட பேசுதேன்."

"நான் இல்லியே."

கூரைத் தகரத்தில் மழை கொட்டியது. கருத்தப்பாண்டி எங்கோ பார்த்தான். எதிரில் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்காக இப்படி ஏங்கலாமா என்று சுவக்கீனுக்கு வெட்கமாக இருந்தது. கட்டையை எடுத்து உருட்டினான். இருபது விழுந்தது.

"இருபது! எதுக்குங்க உருட்டுனீங்க?"

"தெரியல."

சிசிலி மெதுவாக, "பத்தாம் நாள்" என்றாள். அந்தக் குரலில் சண்டை இல்லை. ஆறு வருஷமாக ஆறரை மணிக்கு அவள் மனசு எந்த ஊரில் இருந்திருக்கும் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. உறைத்தது என்னவோ நிஜம். ஆனால் ஆட்டம் ஜெயிக்கிற நிலையில் இருந்தது. ஆம்பளைக்கு அதுவல்லவா முக்கியம்?

பதினைந்தாம் நாள் முடிந்ததும் துள்ளி எழுந்தான். "ஜெயிச்சிட்டேன்! பதினஞ்சு நாளும் தனியா இருந்து காட்டிட்டேன்! எட்டு உயிரும் அப்படியே பாக்கி!"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்றாள் சிசிலி.

"கேட்டோம்" என்றார்கள் சாமியாரும் மந்திரவாதியும்.

சிசிலி கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தாள். துணியெல்லாம் மடித்துத் தயாராக இருந்தது.

"ஏ, துரை லீவு தரணும்லா!" என்றான் சுவக்கீன்.

அவள் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் காட்டினாள். துரையின் கையெழுத்து. "போன மாசமே நேர்ல போய்க் கேட்டேன். 'ஆறு வருசமா நீ லீவே கேக்கலியேம்மா'ன்னாரு."

சுவக்கீனுக்குக் காது சிவந்தது. பார்வை கையெழுத்தைத் தாண்டி நகரவில்லை. மெல்லக் கேட்டான்: "தெரிஞ்சுமா இத்தனை நாள் பேசாம இருந்த?"

"எதுக்குப் பொய் சொன்னீங்கன்னும் தெரியும்லா. தீப்பெட்டி எங்க இருக்குன்னு தெரியாத மனுசன அப்படியே போட்டுட்டு எப்படிப் போறதாம்?"

மறுநாள் காலை கருத்தப்பாண்டியின் ஜீப்பில் மூணாறு போனார்கள். போடி பஸ்ஸில் ஜன்னலோரம் சிசிலி. கீழே சுவக்கீன், ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு. இரவெல்லாம் யோசித்து ஒரு தைரியம் சேர்த்து வைத்திருந்தான்.

"அம்மாவக் கேட்டதாச் சொல்லு. என்ன, பதினஞ்சு நாளுதான? இருந்துருவேன். ஆடிப் பாத்தாச்சே!"

பஸ் உறுமியது. சிசிலி தலையை வெளியே நீட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"லீவுச் சீட்ட முழுசா வாசிக்கலியா? இருபத்தஞ்சு நாளுங்க!"